நூத்திப்பத்து எழுபது

கையைக் காட்டுங்க டீச்சர். அட, பயப்படாதீங்க, ஊசி கீசி ஒண்ணும் இல்ல, பிரஷர் பார்க்கிற மெஷின். டீச்சர்தானே நீங்க? மடியில வருகைப் பதிவேடு, பையில சாக்பீஸ் டப்பா, முகத்துல புது போஸ்டிங் கலக்கம். முப்பத்தோரு வருஷம் இந்த மலைக்குப் பஸ் ஏறினவ நான். புதுசா ஏறுறவங்களை முதல் வளைவுலயே கண்டுபிடிச்சிருவேன்.

இருங்க, இப்ப பட்டையை மட்டும் கட்டி வெச்சிடறேன். வண்டி ஆடும்போது பார்த்தா நம்பர் சரியா வராது. எங்கயாவது நிப்பான், அப்பப் பார்க்கலாம். இது நம்பரை அதுவே காட்டுற மெஷின். நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்ல, உங்க கண்ணாலயே பார்த்துக்கலாம். அதுக்காகத்தான் இதை வாங்கினேன்.

என் பொண்ணு சிரிக்கும். "ஏம்மா, ரிட்டயர்டு ஆகி மூணு வருஷம் ஆச்சு, பால்காரரு, கேஸ் போடறவரு, ஒருத்தரையும் விட மாட்டேங்கிறியே"ங்கும். போன தையில ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்கார அம்மாவுக்குப் பார்த்தேன். நூத்தி அறுபது. பாயசம் வர்றதுக்கு முன்னாடி எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். இன்னிக்கும் போன் பண்ணி நன்றி சொல்றாங்க. நல்லதுதானே செய்யறேன்?

உஸ்ஸுங்குது பாருங்க பிரேக்கு. இந்த டிரைவர் தம்பி வளைவுக்கு வளைவு காத்தைத் திறந்து விடறான். அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. எங்க வீட்டுல குக்கரே கிடையாது தெரியுமா, பானையிலதான் சோறு. ஏன்னு சொல்றேன். சொல்லாமயும் இருக்கலாம். ஆனா இன்னும் ஒரு மணி நேரத்துல இதையே வேற ஒருத்திகிட்ட சொல்லியாகணும். உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டா நாக்கு கொஞ்சம் பழகும். கேக்கறீங்களா? கேளுங்க.

என் பேரு வசந்தகோகிலம். ஈச்சங்காட்டுவளவுன்னு மேல ஒரு ஊரு, இருபத்திரெண்டாவது வளைவு தாண்டி. அங்கதான் துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார நர்சா இருந்தேன். மாசமானவங்களைப் பதியறது, எடை, பிரஷர் பார்க்கிறது, தடுப்பூசி, பிரசவத்துக்கு அனுப்பறது, எல்லாம் நான் ஒருத்திதான். பதினோரு ஊருக்கு ஒருத்தி. அப்ப ரோடு பாதி மலை வரைக்கும்தான், மீதி நடை. அட்டைப்பூச்சி கால்ல ஒட்டிக்கிட்டே வரும், உப்பை வெச்சு உதறிட்டு நடப்பேன். மலையில பெரியவங்க சின்னவங்க, ஆபீசரு யாரா இருந்தாலும் 'நீ'ன்னுதான் பேசுவாங்க. நீங்க கோவிச்சுக்காதீங்க, அதுல மரியாதைக் குறைவு கிடையாது. "நர்சம்மா, நீ சாப்புட்டியா"ன்னு கேட்டுக்கிட்டே களியை உருட்டித் தட்டுல வெச்சிருவாங்க.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா, அங்க ஒரு பொண்ணு இருக்கு. இருபது வயசு. தலைப்பிரசவம், எட்டு மாசம் முடியப் போகுது. காலு வீங்கியிருக்கு, பிரஷர் நூத்தி அம்பதுக்கு மேல. இப்ப இருக்கிற நர்ஸ் பவதாரணின்னு ஒரு பொண்ணு, கெட்டிக்காரி, மூணு நாளா மன்றாடுது, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, உடனே போங்க"ன்னு. ஆம்புலன்ஸையே வீட்டு வாசலுக்கு வரவெச்சிருக்கு. திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப ரோடு இருக்கு, வண்டி இருக்கு, நர்ஸ் இருக்கு, மருந்து இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு வீட்டை விட்டு நகர மாட்டேங்குது.

ஏன்னு கேளுங்க. ஒரு அட்டை. பழைய அட்டை. அந்தப் பொண்ணைப் பெத்தவளோட கர்ப்பகால அட்டை, இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது. அதுதான் குறுக்க நிக்குது.

பெத்தவ பேரு செல்லக்கிளி. ஒல்லியா, சிரிச்ச முகமா இருப்பா. புருஷன் அண்ணாமலை, கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தான். வீட்டுல நாத்தனா தங்காயி மட்டும். புருஷனுக்கு அக்கா. அப்ப அவளுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும், கல்யாணம் பேசி முடிச்சு வெச்சிருந்தாங்க. தம்பி பொண்டாட்டியைத் தங்காயி தாங்கின தாங்கு இருக்கே, அப்படி ஒரு நாத்தனாவை நான் பார்த்ததில்ல. செவ்வாய்க்கிழமை தோறும் கையைப் பிடிச்சு என்கிட்ட கூட்டிட்டு வருவா. அப்ப அவங்க வீடு ஊரைத் தள்ளிக் காட்டுக்குள்ள, மூணு மைல் நடை.

அன்னிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதாவது மாசம் பிறந்திருக்கு. தங்காயி வந்ததும் வராததுமா சொல்றா, "நர்சம்மா, இவளுக்குத் தலை விண்ணு விண்ணுனு வலிக்குதாம். கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்குதாம். காலைப் பாரு, அமுக்குனா குழி விழுது." நான் பார்த்தேன். பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தேன். நூத்திப்பத்து எழுபது. அட்டையில எழுதினேன். "மாசமானவளுக்குக் காலு வீங்காம யாருக்கு வீங்கும்? உப்பைக் குறைச்சுக்கோ, இடது பக்கமாப் படு"ன்னு சொல்லி, சத்து மாத்திரை குடுத்து அனுப்பினேன்.

நாலாம் நாள் காலையில அவளுக்கு இழுப்பு வந்திருச்சு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்து, நாக்கைக் கடிச்சு, வாயெல்லாம் ரத்தம். ஆம்பளைங்க அத்தனை பேரும் கேழ்வரகு அறுப்புல இருந்தாங்க. அங்க இருந்த ஒரு கிழவன் சாமி இறங்கியிருக்குன்னு சொல்லிட்டான். தங்காயி என்ன பண்ணுவா? கற்பூரம் ஏத்தி, திருநீறு பூசி, வேப்பிலை அடிச்சு, ஒரு மணி நேரம் போயிருச்சு. அப்புறம் ரெண்டாவது தடவை இழுக்கவும், போர்வையில தூளி கட்டி, மூங்கில்ல கோத்து, பாதி மலை வரைக்கும் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. மூங்கிலோட பின்பக்கத்தைத் தோள்ல சுமந்தது தங்காயிதான். ரெண்டு தோளும் தோல் உரிஞ்சு போச்சு அவளுக்கு. ஆஸ்பத்திரியில வயித்தைக் கிழிச்சுக் குழந்தையை எடுத்தாங்க. குழந்தை பொழைச்சுது. செல்லக்கிளி போயிட்டா.

உஸ்ஸு. பாருங்க, மறுபடியும். டிரைவர் தம்பி, கொஞ்சம் மெதுவாத்தான் பிரேக்கைப் பிடியேன்!

தாய் செத்தா சும்மா விட மாட்டாங்க டீச்சர். பெரிய கூட்டம் போடுவாங்க, பெரிய பெரிய ஆபீசருங்க உக்காந்து விசாரிப்பாங்க. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் தங்காயி, கையில பச்சைக் குழந்தையோட. "கடைசியாப் பார்த்தப்ப பிரஷர் எவ்வளவும்மா?"ன்னு கேட்டாங்க. "நூத்திப்பத்து எழுபது சார்"ன்னேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாங்க. அடித்தல் திருத்தல் ஒண்ணு கிடையாது, என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். "நர்ஸ் ஒழுங்காப் பார்த்திருக்காங்க. திடீர்னு வந்திருக்கு. நீங்கதான் கற்பூரம் காட்டிக்கிட்டு ஒரு மணி நேரத்தை வீணாக்கிட்டீங்க"ன்னு தங்காயியைப் பார்த்துச் சொன்னாங்க.

அவ குழந்தை தலையைத் தடவிக்கிட்டே நின்னா.

அண்ணாமலை அக்காகூடப் பேச்சை விட்டான். ரெண்டு வருஷத்துல கேரளாவுலயே வேற குடும்பம் பண்ணிக்கிட்டான். பேசி முடிச்ச மாப்பிள்ளை வீடும், "தம்பி பொண்டாட்டியைக் கொன்னவ"ன்னு சொல்லி விலகிட்டாங்க. தங்காயி குழந்தையை வெச்சுக்கிட்டுத் தனியாவே இருந்துட்டா. அந்தக் குழந்தைக்கு என்ன பேரு வெச்சா தெரியுமா? கோகிலா. என் பேரு. "கடைசி வரைக்கும் நீதானே நர்சம்மா நல்லாப் பார்த்துக்கிட்ட"ன்னா. வருஷா வருஷம் ஆடியில ஒரு பலாப்பழம் என் வீட்டுக்கு வந்திரும், யார்கிட்டயாவது குடுத்து விட்டிருவா. என் ரிட்டயர்டு விழாவுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தா. மேடைக்குக் கீழ நின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

பலாப்பழம் நான் சாப்பிடறதில்ல. ஒத்துக்காது.

என்ன பார்க்கறீங்க? நான்தான் பார்த்தேன்னு சொன்னேனே. பட்டை கட்டினேன்னு சொன்னேனே. கட்டினேன், காத்து அடிக்கிற ரப்பர் பல்பை அமுக்கினேன். அது பொய் இல்ல.

பட்டைக்குள்ள ரப்பர் பை ஒண்ணு இருக்கும். அது அப்பவே கிழிஞ்சு எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. நான் லெட்டர் போட்டேன் டீச்சர். ஒண்ணு இல்ல, மூணு லெட்டர், காப்பி இன்னும் வீட்டுல இருக்கு. "வரும், வரும்"னாங்க. வரவே இல்ல. ரிப்போர்ட்டுல பிரஷர் கட்டத்தைக் காலியா விட்டா மீட்டிங்கில நிக்க வெச்சுத் திட்டுவாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க? எல்லாரும் பண்ணினதைத்தான் நானும் பண்ணினேன். ஒருத்திக்கு நூத்திப்பத்து எழுபது, அடுத்தவளுக்கு நூத்திப்பத்து எண்பது, அதுக்கடுத்தவளுக்கு நூத்தி இருபது எண்பது. மாத்தி மாத்தி எழுதணும். எல்லாத்துக்கும் ஒரே நம்பரா இருந்தா ஆபீசர் கண்ணுல பட்டிரும். அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையில செல்லக்கிளிக்கு வந்தது நூத்திப்பத்து எழுபது. அவ்வளவுதான்.

பட்டையைக் கட்டாம எழுதினா அவங்களுக்கு மனசு ஆறாதுங்க. மூணு மைல் நடந்து வர்றாங்க. அதனால கட்டுவேன், அமுக்குவேன், காத்து ஓட்டை வழியா உஸ்ஸுனு போகும். செல்லக்கிளி அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே கேட்டா, "நர்சம்மா, இதென்ன பாம்பு மாதிரி சீறுது?" நான் சொன்னேன், "அது பிரஷர் ஏறுற சத்தம்டி." அவ நம்பிட்டா. பட்டையைக் கழட்டறப்ப கேட்டா, "நல்லா இருக்கா நர்சம்மா?" நல்லா இருக்குன்னேன்.

தலைவலி, கண்ணுல பூச்சி, கால் வீக்கம். பிரஷர் ஏறி இழுப்பு வரப் போகுதுன்னு மெஷினே இல்லாம தெரிஞ்சிருக்கணும் எனக்கு. படிச்சவதானே நான். பரிட்சையில எழுதி மார்க் வாங்கினவதானே. ரெண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கணும், விட்டா ராத்தங்கணும், வீட்டுல பொண்ணு தனியா இருக்கா, இதுதான் மண்டையில ஓடுச்சு. பஸ்ஸைப் பிடிச்சுட்டேன். ஜன்னல் சீட்டு கிடைச்சுது. அது இன்னும் ஞாபகம் இருக்கு பாருங்க.

அவ செத்து இருபது நாள்ல புது மெஷின் வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் ஒரு நம்பர்கூடப் பொய்யா எழுதலை. சத்தியமா எழுதலை. இந்த மலையில அஞ்சு வருஷம் ஒரு தாய் சாகலை, தெரியுமா? பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க, பீரோவுல இருக்கு. ஆனா ஒவ்வொருத்தி கையில கட்டின பட்டையைக் கழட்டும்போதும் அவ கேப்பா, "நல்லா இருக்கா நர்சம்மா?" எல்லாரும் அதேதான் கேக்கறாங்க. அதே மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்ச்சுக் கேக்கறாங்க. கல்யாணப் பந்தியில அந்த அம்மாவும் அப்படித்தான் கேட்டாங்க.

சொல்லியிருக்கலாம் இல்ல? தங்காயிகிட்ட. எத்தனை தடவை! வருஷா வருஷம் நினைப்பேன், பலாப்பழம் வந்ததும் நினைப்பேன். வேலை போயிரும்னு பயந்தேன். அப்புறம் பென்ஷன் நின்னுரும்னு பயந்தேன். இப்ப ரெண்டும் பெருசாத் தோணலை, ஆனாலும் வாய் வரலை. போனவ போயிட்டா, சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். குழந்தை நல்லா வளருது, தங்காயி தைரியமா இருக்கா, எதுக்குக் கிளறணும்னு இருந்துட்டேன்.

பவதாரணி முந்தாநாள் போன் பண்ணுச்சு. "மேடம், உங்க கையெழுத்துப் போட்ட அட்டையை பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருக்காங்க. அதைக் காட்டி என்கூடச் சண்டை போடறாங்க"ன்னு. தங்காயி என்ன சொல்றாளாம்? "இவ அம்மாவுக்கும் இதே மாதிரி காலு வீங்குச்சு, இதே மாதிரி தலை வலிச்சுது. நர்சம்மா பார்த்து நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு. இந்த வீக்கம் ஒண்ணும் பண்ணாது, இது இவங்க உடம்பு வாகு. அவ செத்தது என்னாலதான், நான் தாமசம் பண்ணினதாலதான். இந்தத் தடவை தாமசம் பண்ண மாட்டேன். ஜீப்பைச் சொல்லி வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கேன். வலி வந்த அடுத்த நிமிசம் கிளம்பிருவேன்." புரியுதா டீச்சர்? நிஜமாவே ஜீப் நிக்குதாம், பத்து நாளா. வலி வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கா. வலி வர்றதுக்கு முன்னாடி இழுப்பு வந்திரும் அந்தப் பொண்ணுக்கு.

நேத்து நானே போன்ல பேசினேன். "தங்காயி, நான் சொல்றேன், உடனே கூட்டிட்டுப் போ"ன்னு அதட்டினேன். என் பேச்சுக்குக் கட்டுப்படுவா, பழசைக் கிளற வேண்டாம், அப்படியே முடிச்சுரலாம்னு ஒரு நப்பாசை. அவ திருப்பிக் கேட்டா, "நர்சம்மா, அன்னிக்கு நல்லா இருக்குன்னே. இன்னிக்கு அதே வீக்கத்துக்கு ஆபத்துங்கிறே. எது நிசம்?" சிக்னல் கிடைக்கலைங்கிற மாதிரி ஹலோ ஹலோன்னு ரெண்டு தடவை கத்திட்டு நானே கட் பண்ணிட்டேன். இந்த வயசுல, இத்தனைக்கப்புறமும், அப்படிப் பண்ணினேன்.

என்ன, நின்னுருச்சு? ஓ, மேலேர்ந்து லாரி வருது. வளைவுல ரெண்டும் ஒண்ணா திரும்ப முடியாது. சரி, இதுதான் நேரம். கையை இப்படி முன் சீட்டுக் கம்பியில வைங்க, தளர்வா விடுங்க. பேசாதீங்க. நானும் பேசலை.

ம். நம்பர் வந்திருச்சா? நீங்களே படிங்க. கண்ணாடி இருக்கு என்கிட்ட, ஆனா நீங்களே படிங்க.

நூத்திப்பத்து...

எழுபது.

இருங்க. கழட்டாதீங்க, இன்னொரு தடவை பார்த்துரலாம். மெஷின்ல ஏதோ கோளாறு. இருபது வருஷமா எத்தனையோ கை பார்த்திருக்கேன், நூத்திப்பதினஞ்சு வரும், நூத்தியஞ்சு வரும், இந்த நம்பர் வந்தா மட்டும் நம்பவே மாட்டேன், ரெண்டாந்தடவை பார்த்துருவேன். அமுக்குது பாருங்க, காத்து நிக்குது, கசியலை. படிங்க. அதேதானா? சரி. அப்ப அதுதான்.

இல்ல, வேணாம் டீச்சர், கேக்காதீங்க. நல்லா இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க.

...நல்லா இருக்கும்மா. உங்களுக்கு நிஜமாவே நல்லா இருக்கு.

இருபத்திரெண்டாவது வளைவு தாண்டிட்டோம். அந்தப் பெரிய அரசமரம் தெரியுதா, அதான் ஸ்டாப்பிங். வந்துட்டா பாருங்க தங்காயி. தலை எப்படி நரைச்சுப் போச்சு! காலையில பவதாரணி மூலமா நான் வர்றேன்னு சொல்லி விட்டிருந்தேன், அந்தப் புள்ளையையும் நடத்திக் கூட்டிட்டு வந்திருக்கா. அப்படியே செல்லக்கிளி. ஐயோ, காலைப் பாருங்க டீச்சர், காலைப் பாருங்க. ஆம்பளைச் செருப்புப் போட்டிருக்கு. அதுவும் பிதுங்குது. முகமே ஊதியிருக்கே.

தங்காயி கையில என்ன, பலாப்பழமா? ஆமா. இன்னொரு கையில அந்த பிளாஸ்டிக் கவர்.

கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம் விசில் அடிக்காதப்பா. நீ மேல போயி அரை மணியில திரும்புவே இல்ல? இந்த ரெண்டு பேருக்கும் முன் சீட்டை விட்டு வை, கீழ ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. வருவாங்கப்பா. எப்படியும் ஏத்திருவேன். இல்லேன்னா அந்த ஜீப்பு இருக்கு.

பழத்தைக் கீழ வை தங்காயி. வையுடி. எனக்கு அது வேண்டாம், எனக்கு எப்பவுமே வேண்டாம். அந்தக் கவரைக் குடு. நான் இறங்கிடறேன், இரு, படியிலயே நின்னு சொல்லிடறேன், இறங்கிட்டா வாய் மூடிக்கும். எல்லாருக்கும் கேட்டா கேக்கட்டும். இந்த அட்டையில நூத்திப்பத்து எழுபதுன்னு இருக்கே, அது செல்லக்கிளி பிரஷர் இல்ல. அவ பிரஷர் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. மெஷின் ஓட்டை. நான் பார்க்கவே இல்ல தங்காயி. நீ தாமசம் பண்ணலை. நீ நாலு நாளைக்கு முன்னாடியே அவளைக் கூட்டிட்டு வந்துட்ட.